தீனிச் சுண்டெலித் தொட்டியில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இங்கிலாந்தின் வடபகுதியில், வீட்டில் வளரும் இரண்டு ஃபெரெட்டுகளின் தீனிக்காகப் பல ஆண்டுகளாகச் சுண்டெலி வளர்த்து வருகிறேன். ஃபெரெட் கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட, முழுக்க இறைச்சியையே நம்பி வாழும் பிராணி. தின்றது மூன்று, நான்கு மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும் என்பதால் தானியம் கலந்த தீனி அதற்குச் சரிப்படுவதில்லை. இறைச்சி, எலும்பு, ஈரல், மயிர் எல்லாம் ஒருசேரக் கிடைக்கும் முழு எலி அதற்கு ஏற்ற உணவு. கடையில் உறைந்த எலி கிடைக்கத்தான் செய்கிறது; ஆனால் 2015 முதல் பிரித்தானியாவில் உறைந்த தீனி எலிகளோடு தொடர்புடைய சால்மோனெல்லா நோய் பலருக்கு வந்ததைப் படித்த பிறகு, என்ன தின்று எங்கே வளர்ந்தது என்று எனக்குத் தெரிந்த எலியையே கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

தொட்டியில் கோளாறு வரும்போதெல்லாம் புதிய இணை வாங்கிக் காசைக் கரைத்தவன் நான். இப்போது பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு எலி காரணமே இல்லை. தண்ணீர்ப் புட்டியும், தொட்டி இருந்த இடமும், என் கையுமே காரணம். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலிலும், புதிய எலி வாங்க வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் தேடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள்

ஒரு தொட்டிக்கு ஓர் ஆண், இரண்டு அல்லது மூன்று பெண்கள். இணைசேரும் வயது எட்டு வாரம். பெண் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் பன்னிரண்டு குட்டிகள். பத்து நாளுக்குள் மயிர் மூடும். 12 முதல் 14 நாளில் கண் திறக்கும். 21 நாளில் பால் மறக்கும். ஈன்ற ஒரே நாளில் பெண் மறுபடியும் பருவத்துக்கு வருமாதலால், ஆண் உடனிருந்தால் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினையையும் சுமக்கும்; அப்படிப்பட்ட சினை சில நாள் தள்ளிப்போவது இயல்பு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்றும் ஒரு குறிப்பேடும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

தண்ணீர்ப் புட்டியின் குழாய் முனையில் உள்ள உருண்டையை விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் நனைய வேண்டும். புட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. உருண்டை சிக்கியிருந்தாலும் புட்டி நிறைந்தே இருக்கும், சொல்லப்போனால் அப்போதுதான் அது குறையாமல் அப்படியே நிற்கும். குழாய் முனை மரச்சீவலைத் தொட்டுக்கொண்டிருந்தால் நீர் முழுவதும் இறங்கிப் படுக்கை சகதியாகிவிடும். அடுத்து, தொட்டிக்குள் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் படுக்கையை மாற்றும் நாள் கடந்துவிட்டது. வெப்பமானியைப் பாருங்கள், 20 முதல் 26 பாகை செல்சியஸ் வரை கவலையில்லை. கடைசியாக, தொட்டிக்கு வெளியே சுவரோரம் அரிசி அளவில் கறுத்த புழுக்கை கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடந்தால் காட்டெலி வந்து போகிறது என்று பொருள். நோய், பேன் எல்லாவற்றுக்கும் அதுவே வாசல். அதற்கு நஞ்சு வைக்கக் கூடாது. நஞ்சு தின்ற எலி ஃபெரெட்டின் வாயில் அகப்பட்டால் ஃபெரெட்டையும் இழக்க நேரும். பொறிதான் வைக்க வேண்டும்.

அறிகுறி: ஒரு மாதமாகியும் ஒரு பெண்ணும் சினையாகவில்லை

முதலில் பாலினத்தைச் சரிபாருங்கள். சிரிக்க வேண்டாம், விற்பவர் ஆண் என்று சொன்ன பெண்ணோடு மூன்று பெண்களை ஆறு வாரம் விட்டுவைத்தவன் எழுதுகிறேன். வளர்ந்த ஆணுக்கு விதைப்பை தெளிவாகத் தெரியும், ஆனால் பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். குதத்துக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் ஆணில் பெண்ணுக்குள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். ஐயமிருந்தால் இரண்டு எலிகளை அருகருகே வாலடியைப் பிடித்து ஒப்பிடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்வது கடினம்.

பாலினம் சரி என்றால் வயதையும் உடலையும் பாருங்கள். எட்டு மாதம் கடந்த பெண்ணிடம் புதிதாகச் சினையை எதிர்பார்க்க வேண்டாம். சூரியகாந்தி விதை தின்றே கொழுத்த பெண்ணும் சினைபிடிக்காது. விதையை நிறுத்திப் புரதம் 18 முதல் 22 விழுக்காடு உள்ள எலித் தீனிக்கு மாற்றி மூன்று வாரம் பொறுங்கள்.

அதுவும் சரியென்றால் தொட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். என்னிடமும் ஒரு குளிர்காலம் முழுவதும் நான்கு பெண்களும் வெறுமனே இருந்தன. தொட்டி துணி துவைக்கும் அறையில் இருந்தது. ஃபெரெட்டுகளின் படுக்கைத் துணிகளைத் துவைக்கப் போடுமுன் குவித்து வைப்பதும் அதே அறையில்தான். தன்னைத் தின்னும் பிராணியின் வாடை இரவும் பகலும் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தால் எந்த எலி குடும்பம் நடத்தும்? தொட்டியை மாடி அறைக்குக் கொண்டுபோனேன், ஃபெரெட்டைத் தொட்ட கையைக் கழுவி, மேற்சட்டையையும் மாற்றிய பிறகே எலியைத் தொட்டேன். அடுத்த மாதம் மூன்று ஈற்றுகள். வேறு எதையும் மாற்றவில்லை.

அதன் பிறகு வெளிச்சம். கொட்டகையில் வளர்ப்பவர்களுக்கு இங்கே திசம்பரில் எட்டு மணி நேரம்கூடப் பகல் கிடைப்பதில்லை. நேரக்கருவி பொருத்திய சிறு விளக்கை 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுங்கள். இரவில் இருட்டு முழுமையாக இருக்கட்டும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, குளிரைவிடக் கோடைதான் அதிகம் கெடுக்கும். 2022 சூலை 19 அன்று லிங்கன்சயரின் கோனிங்சுபியில் 40.3 பாகை பதிவான அந்த வாரத்தில் என் எலிகள் பிழைத்தன. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் சினையே இல்லை. ஆண் சுண்டெலியின் உடலில் விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 35 நாள் ஆகும். ஆகவே கடும் வெயிலுக்குப் பிறகு ஆணை மாற்ற அவசரப்படாமல் ஆறு வாரம் காத்திருங்கள். நான் காத்திருக்காமல் புதிய ஆணை வாங்கினேன்; அது வந்து சேர்ந்தபோது பழைய ஆண் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது.

ஆண்களை அடிக்கடி மாற்றுகிறீர்களா? இணைசேர்ந்த முதல் சில நாளுக்குள் அறிமுகமில்லாத வேறோர் ஆணின் வாடை பட்டால் பெண்ணின் சினை கலைந்துவிடும் என்பதை இல்டா புரூசு என்ற பிரித்தானிய ஆய்வாளர் 1959ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஓர் ஆணை விட்டால் குறைந்தது மூன்று வாரம் அதையே விட்டுவையுங்கள். பக்கத்துத் தொட்டி ஆணின் படுக்கையை இங்கே தவறியும் போடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு சினையில்லை என்றால்தான் எலியைச் சந்தேகிக்கலாம். சோதனை எளியது. ஏற்கெனவே ஈன்று பழகிய பெண்ணை, இந்த ஆணின் தொட்டியில் இரண்டு வாரம் விடுங்கள். மூன்று பருவம் கடந்துவிடும். காலையில் பெண்ணின் பிறப்புறுப்பில் வெண்மையான, மெழுகு போன்ற அடைப்பு தென்பட்டால் இணைசேர்ந்தது என்று பொருள். அன்றைத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பு தென்பட்டும் சினை நிற்கவில்லை, அல்லது இரண்டு வாரமும் அடைப்பே தென்படவில்லை என்றால் ஆணை மாற்றுங்கள். அந்தப் பெண் சினையாகிவிட்டால் குறை உங்கள் பழைய பெண்களிடம்தான். இதற்கு மருத்துவர் தேவையில்லை; பெண்ணின் பிறப்புறுப்பிலிருந்து இரத்தமோ சீழோ வந்தால் மட்டும் காட்டுங்கள்.

அறிகுறி: ஈன்ற குட்டிகள் காணாமல் போகின்றன

இந்தக் கோளாறுக்குத்தான் அதிகம் பேர் தவறான மருந்து தேடுகிறார்கள். தாய் குட்டியைத் தின்றுவிட்டது, ஆகவே அந்தத் தாய் கெட்டது, அதை அகற்ற வேண்டும் என்று முடிவு கட்டுகிறார்கள். எப்போது காணாமல் போயின என்பதைப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

*ஈன்ற முதல் இரண்டு நாளில் எல்லாம் போயின, அது தலையீற்று.* ஒன்றும் செய்ய வேண்டாம். முதல்முறை ஈனும் பெண் இப்படிச் செய்வது வழக்கம். இரண்டாம் ஈற்று வரை விட்டுப் பாருங்கள். இரண்டிலும் அப்படியே நடந்தால் அந்தப் பெண்ணை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடலாம்.

*முதல் இரண்டு நாளில் எல்லாம் போயின. அது தலையீற்று அல்ல.* அந்த இரண்டு நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். தொட்டியைத் திறந்து எண்ணினீர்களா? படுக்கையை மாற்றினீர்களா? தொட்டியை வேறு அலமாரிக்குத் தூக்கினீர்களா? பக்கத்தில் துளைபோடும் இயந்திரம் ஓடியதா? என் விதி இதுதான்: ஈனுவதற்கு மூன்று நாள் முன்பே படுக்கையைச் சுத்தம் செய்து, கைநிறையத் துண்டாக்கிய காகிதம் போட்டு, அதன்பின் ஈன்று ஐந்து நாள் வரை தீனியும் தண்ணீரும் தவிர வேறெதற்கும் மூடியைத் திறப்பதில்லை. ஈன்றதைக் காதால் அறியலாம். மெல்லிய கீச்சொலி கூட்டுக்குள்ளிருந்து வரும். கூடு கட்டப் பஞ்சு போட வேண்டாம். இழைகள் குட்டிகளின் காலைச் சுற்றி இறுக்கும்.

*நாளுக்கு ஒன்று இரண்டாகக் குறைகின்றன.* இதில் தாய் தின்பது விளைவே. குட்டி முன்பே இறந்திருக்கிறது, கூட்டைச் சுத்தமாக வைக்கத் தாய் அதைத் தின்கிறது. ஏன் இறக்கின்றன என்பதை அடுத்த அறிகுறியில் பாருங்கள்.

*பாதி தின்ற உடல்கள் கிடக்கின்றன.* தண்ணீரை முதலில் சோதியுங்கள். பால் கொடுக்கும் எலி வழக்கத்தைவிடப் பலமடங்கு குடிக்கும். ஓர் இரவு தண்ணீர் நின்றால் குட்டியின் உடலிலிருந்து ஈரத்தைத் தேடும். அடுத்தது புரதம். வெறும் தானியம் போட்டு வளர்ப்பவர்கள் வாரம் இருமுறை வேகவைத்த முட்டை ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

*பத்து நாள் கடந்த குட்டிகள் காயத்தோடு குறைகின்றன.* தாயை விட்டுவிட்டு மற்ற எலிகளைப் பாருங்கள். ஒரே தொட்டியில் மூத்த ஈற்றின் குட்டிகள் இன்னும் இருக்கின்றனவா? 21 நாளான குட்டிகளைப் பிரிக்காமல் விட்டால் புதிதாகப் பிறந்தவற்றின் மேல் ஏறி மிதிக்கும், பாலைப் பங்கு போட்டுக் குடிக்கும். இடநெருக்கடியே காரணமாக இருக்கும். சினைப் பெண்களுக்குத் தனித் தொட்டி ஒன்று ஒதுக்குவது இங்கே செய்யக்கூடிய மிகப்பெரிய செலவு. அது புதிய இணை வாங்குவதைவிடக் குறைவுதான்.

அறிகுறி: குட்டிகள் இருக்கின்றன, ஆனால் மெலிந்து சாகின்றன

ஐந்து நாள் வரை குட்டியின் தோல் மெல்லியது. இடப்பக்க வயிற்றில் குடித்த பால் வெண்மையான பட்டையாகத் தெரியும். ஒரு குட்டியை எடுத்துப் பாருங்கள். எடுக்குமுன் கையை அதே தொட்டியின் படுக்கையில் தேய்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் குட்டியிலும் வெண்மை இல்லையென்றால் தாய்க்குப் பால் இல்லை. சிலவற்றில் மட்டும் இல்லையென்றால் குட்டிகள் அதிகம்.

பால் இல்லாதபோது தண்ணீர், தீனி, தாயின் உடல்நிலை என்ற வரிசையில் பாருங்கள். தாய் முதுகு வளைந்து, மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருந்தால் அந்த ஈற்றைக் காப்பாற்ற வேறு தாயிடம் மாற்றுவது ஒன்றே வழி. இரண்டு நாள் வித்தியாசத்துக்குள் ஈன்ற தாயைத் தேர்ந்து, அதைச் சிறிது நேரம் வெளியே எடுத்துவிட்டு, புதிய குட்டிகளை அதன் சொந்தக் குட்டிகளோடு கலந்து, அந்தக் கூட்டின் படுக்கையை மேலே தூவி, கால் மணி நேரம் கழித்துத் தாயை விடுங்கள். இதனால்தான் இரண்டு பெண்களை ஒரே வாரத்தில் இணைசேர்ப்பது என் வழக்கம். ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கும். குட்டி குளிர்ந்துபோயிருந்தால் முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பிறகே கூட்டில் வையுங்கள். சில்லிட்ட குட்டியைத் தாய் ஒதுக்கித் தள்ளும்.

அறிகுறி: ஈற்றுக்கு ஈற்று எண்ணிக்கை குறைகிறது

பத்து இருந்தது ஏழு, பிறகு நான்கு என்றால் குறிப்பேட்டில் தாயின் வயதைப் பாருங்கள்; ஐந்தாறு ஈற்று கடந்தால் குறைவது இயல்பு, ஓய்வு கொடுங்கள். இளம் தாய்களிலும் குறைந்தால், இரண்டு ஆண்டாக வெளி ரத்தம் சேர்க்காமல் உடன்பிறந்தவற்றையே இணைத்து வருகிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் வேறிடத்து ஆண் ஒன்று வாங்க வேண்டியதுதான். வாங்கியதை மூன்று வாரமாவது வேறு அறையில் தனித்து வைத்து, தும்மல், பேன், கழிச்சல் இல்லை என்று பார்த்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள். இந்த மூன்று வாரத்தைச் சுருக்கியவர்களே அதிகம் புலம்புகிறார்கள்.

அறிகுறி: எல்லாம் நலமாக இருக்கிறது, ஆனால் எலி போதவில்லை

இது கோளாறல்ல, கணக்கு. 750 கிராம் பெண் ஃபெரெட்டும் 1,400 கிராம் ஆணும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் இறைச்சி தின்னும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எலி கொடுத்தாலும் 240 கிராம், அதாவது 25 கிராம் எலி பத்து. ஈற்றுக்கு எட்டுக் குட்டி தேறும் ஆறு பெண்களை ஆணோடு இடைவிடாமல் வைத்திருந்தால் வாரம் பதினொன்று கிடைக்கும். ஈன்ற பின் ஆணைப் பிரித்து ஓய்வு கொடுத்தால் வாரம் ஏழுதான். பெண்களின் உடல்நலம் கருதி நான் ஓய்வு கொடுக்கும் முறையையே பின்பற்றி, பற்றாக்குறையைக் கோழி இறைச்சியாலும் ஈரலாலும் நிரப்புகிறேன். எல்லா நாளும் எலியே கொடுக்க நினைத்தால் பெண்களின் எண்ணிக்கை மூன்று மடங்குக்கும் மேல் போகும். அந்த அளவு வாடையை வீடு தாங்காது.

அறிகுறி: வாடை தாங்கவில்லை

ஆண் எலியின் மூத்திரவாடை இருக்கத்தான் செய்யும். மூக்கைத் துளைத்தால் எலிகள் அதிகம், அல்லது காற்று ஓடவில்லை. படுக்கையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது பழைய கூட்டிலிருந்து ஒரு பிடியைத் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் ஆண் எல்லா மூலையிலும் புதிதாகக் குறியிட்டு வாடையை இரட்டிப்பாக்கும். தேவதாரு, பைன் சீவல் வாடையை மறைக்கும், ஆனால் மூச்சுக்குழலைக் கெடுக்கும். ஆசுப்பன் (aspen) மரச்சீவல் நல்லது.

அறிகுறி: மூச்சு விடும்போது கிரீச்சொலி, மூக்கடைப்பு

எலியைக் காதருகே பிடித்துக் கேளுங்கள். ஒரே எலியிடம் மட்டும் ஒலி கேட்டால், தூசியோ அம்மோனியாவோ காரணமாக இருக்கலாம். படுக்கையை மாற்றி, தூசியற்ற சீவல் போட்டு, நான்கு நாள் தனித்து வையுங்கள். குறைந்தால் நல்லது. குறையாவிட்டாலோ, ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் கேட்டாலோ, தொட்டியில் மைக்கோபிளாசுமா போன்ற தொற்று இருக்கக்கூடும். மருந்து கொடுத்தால் அறிகுறி அடங்குமே தவிரக் கூட்டத்தை விட்டு அது முற்றிலும் போகாது. மருந்தூட்டிய எலியை உடனே ஃபெரெட்டுக்குத் தீனியாகவும் போட முடியாது. ஆகவே இதில் என் முடிவு கடுமையானது: விலங்கு மருத்துவரிடம் ஒன்றிரண்டைக் காட்டி உறுதி செய்துகொண்டு, கூட்டம் முழுவதையும் கலைத்து, தொட்டிகளைக் கிருமிநீக்கி, வேறிடத்திலிருந்து புதிதாகத் தொடங்குவது. இதுவே இந்த வளர்ப்பில் வரும் மிகப்பெரிய செலவு.

அறிகுறி: மயிர் உதிர்வு, சொறி, காயம்

மூக்கைச் சுற்றியும் மீசையும் மட்டும் வழித்தெடுத்தாற்போல் இருந்து, தோல் சுத்தமாக இருந்தால், தொட்டியில் ஓர் எலி மற்றவற்றின் மயிரைக் கடித்து எடுக்கிறது. மீசை குறையாமல் நிற்கும் எலியே அந்த நாவிதர். அதை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கழுத்திலும் தோளிலும் சொறிந்து புண்ணாகியிருந்தால் பேன் அல்லது உண்ணி. படுக்கையை முழுமையாக மாற்றிய பிறகும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள், அந்த எலிகளை எத்தனை நாளுக்குப் பிறகு தீனியாக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். முதுகிலும் வாலடியிலும் கடிக்காயம் என்றால் இரண்டு ஆண்கள் சேர்ந்திருக்கின்றன; பிரியுங்கள், மறுபடி சேர்க்க முயல வேண்டாம்.

அறிகுறி: ஃபெரெட் எலியைத் தொட மறுக்கிறது

ஃபெரெட் தன் முதல் சில மாதங்களில் முகர்ந்து பழகியதையே உணவாக நினைக்கும். உலர்தீனியில் வளர்ந்ததன் முன் முழு எலியை வைத்தால் அது பொம்மை. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். ஃபெரெட்டின் இரத்தச் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும். எலியை வயிறு கிழித்துச் சிறு துண்டை வழக்கமான உணவோடு சேருங்கள். முட்டை மஞ்சள்கரு தடவிப் பாருங்கள். இரண்டு மாதம்கூட ஆகலாம். முன்பு தின்றுகொண்டிருந்தது திடீரென மறுத்தால், கடைசியாகக் கொடுத்தவை உறைபெட்டியில் வைத்திருந்தவையானால், நன்றாக உருகியிருந்தனவா என்று பாருங்கள்; நடுவில் உறைந்த எலி பிடிக்காது. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு உருக்கி, வெந்நீரில் பையோடு சில நிமிடம் வைத்துக் கொடுங்கள். நுண்ணலை அடுப்பில் வைத்தால் சில இடம் வெந்து எலும்பு உடையும் தன்மையாகிவிடும். உணவு எதையுமே அரை நாள் தொடாவிட்டால் இந்தப் பகுதியை மூடிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

தின்னாமல் ஒளித்து வைப்பதும் உண்டு. சோபாவின் பின்னாலும் படுக்கையின் அடியிலும் தேடிப் பாருங்கள். நான் கண்டெடுத்தவற்றை எழுத்தில் விவரிக்க விரும்பவில்லை.

அறிகுறி: எலி தின்ற பிறகு ஃபெரெட்டுக்கு உடல்நலக்குறைவு

எலிக்கு மாறிய முதல் வாரத்தில் கழிவு மயிரோடு கறுத்து, கெட்டியாக வருவது இயல்பு. பிறந்த குட்டிகளை மட்டும் நிறையக் கொடுத்தால் கழிவு இளகும். அவற்றின் எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் வளர்ந்த எலியே முதன்மைத் தீனியாக இருக்க வேண்டும். தார் போன்ற கறுத்த ஒட்டும் கழிவு, வாந்தி முயற்சி, வயிறு வீங்கி வலித்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் குடலடைப்போ புண்ணோ இருக்கலாம். வீட்டில் எதையும் சோதிக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மூன்று வயது கடந்த ஃபெரெட் வெறித்துப் பார்த்து, வாயில் எச்சில் வடிய, வாயைக் காலால் சுரண்டினால் சர்க்கரை இறங்கியிருக்கக்கூடும். ஈறில் சிறிது தேன் தடவிவிட்டு உடனே புறப்படுங்கள்.

அறிகுறி: கொல்லும் பெட்டியில் எலி மீண்டு எழுகிறது

எலியை உயிரோடு ஃபெரெட்டிடம் விடுவதை நான் செய்வதில்லை. தேவையற்ற துன்பம் தருவதை இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் குற்றமாக்குகிறது. தவிரவும், வளர்ந்த எலி ஃபெரெட்டின் முகத்தைக் கடிக்கும். கார்பன் டை ஆக்சைடு பெட்டியில் எலி மீண்டு எழுந்தால் பெட்டியை முன்கூட்டியே திறந்துவிட்டீர்கள், அல்லது வளி கசிகிறது, அல்லது வளி உருளை தீர்ந்துவிட்டது. இந்த வரிசையில் பாருங்கள். அமெரிக்க விலங்கு மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, நிமிடத்துக்குப் பெட்டிக் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு என்ற வேகத்தில் வளியை நிரப்பச் சொல்கிறது. முன்பே நிரப்பிய பெட்டியில் எலியைப் போடுவது வலி தரும். மூச்சு நின்ற பிறகும் சில நிமிடம் வளியை விட்டு, இறப்பை வேறொரு முறையால் உறுதி செய்ய வேண்டும். பத்து நாளுக்குட்பட்ட குட்டிகள் இந்த வளியை நெடுநேரம் தாங்கும். ஆகவே அவற்றை இதில் இடவே கூடாது. உயிரோடு உறைபெட்டியில் வைப்பதும் தவறு. கழுத்தெலும்பை விலக்கும் முறையை மருத்துவரிடமோ அனுபவசாலியிடமோ நேரில் பார்த்துப் பழகாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். அதுவரை உறைந்த எலியை வாங்கிக் கொடுங்கள்.

அறிகுறி: வளர்ப்பவருக்கே தும்மல், காய்ச்சல்

தொட்டி அருகில் மட்டும் தும்மலும் கண் அரிப்பும் என்றால் அது எலிமூத்திரத்தின் ஒவ்வாமை; எஃப்எஃப்பி2 முகக்கவசம், கையுறை, ஈரத்துணியால் துடைத்தல் ஆகியவற்றால் குறையும். மூச்சிரைப்பு தொடங்கினால் மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வாமை ஆண்டுக்கு ஆண்டு கூடும். காய்ச்சலும் கழிச்சலும் என்றால் எலி வளர்ப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சால்மோனெல்லா உறைபெட்டியில் சாவதில்லை, உருக்கிய நீரின் வழியாகக் கைக்கு வரும். எலிக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தரிக்கோல், தனித் தட்டு வைத்து, அவற்றைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். காட்டெலி தொட்ட கூட்டத்தில் எல்சிஎம் என்னும் நச்சுயிரி இருக்கக்கூடும். அது கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். வீட்டில் யாரேனும் கருவுற்றிருந்தால் அவர் தொட்டியைச் சுத்தம் செய்யவும் கூடாது, எலியை உருக்கவும் கூடாது. என் வீட்டில் அப்படியொரு காலத்தில் தொட்டிகள் அனைத்தும் பத்து மாதம் நண்பர் ஒருவரின் கொட்டகையில் இருந்தன. அங்கே ஃபெரெட் வாடை இல்லாததாலோ என்னவோ, ஈற்றுகள் இங்கு இருந்ததைவிடப் பெரிதாக இருந்தன.